பித்தளைக்குச் சூடு காட்டுதல்

விளக்கை அணைத்தால்தான் நிறம் தெரியும். அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில், வெளியே ஓகஸ்ட் வெயில் கார்க் கூரைகளில் கொதித்துக்கொண்டிருக்க, நானும் அத்தானும் அவர் வீட்டு பேஸ்மென்டின் ஒரேயொரு யன்னலைப் பழைய போர்வையால் மூடிவிட்டு இருட்டில் நின்றோம். மேசையோரத்தில் காஸ் சுவாலை நீலமாக, ஒரே சீராக, யாரையோ அதட்டுகிற குரலில் இரைந்துகொண்டிருந்தது. என் கையில் ட்ரில். அதன் முனையில் பொருத்திய இரும்புக் குழலுக்குள் ஒரு பித்தளைக் கோது நின்று சுழன்றது. சுட்டு முடிந்த துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது. சுண்டுவிரல் நீளம், கழுத்து மட்டும் ஒடுங்கியது.

"இப்ப கொண்டு போ," என்றார் அத்தான். "கழுத்தில படவேணும். இன்னும் மேல. அடியில பட்டுதெண்டால் தூக்கி எறியிறதுதான். அடி கெட்டியா இருக்கவேணும்."

"என்ர கை நடுங்குது அத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. சுவாலை இரைந்தது. அத்தான் தன் வலக்கையை இடக்கையால் பிடித்தபடி நின்றார். இருட்டிலும் அது தெரிந்தது. பித்தளையின் கழுத்து மெல்ல மெல்ல, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாத ஒரு சிவப்புக்கு வந்தது. கண்ணை மூடினால் இமைக்குள் தெரிகிற சிவப்பு.

"போதும்."

நான் ட்ரில்லைச் சரித்தேன். கோது தகரத் தட்டில் விழுந்து சின்னதாக மணி அடித்தது. அடுத்ததை எடுத்துச் செருகினேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்கள் ஏறி இறங்குகிற இடத்தில் வாழ்நாளின் பெரிய பங்கைக் கழித்துவிட்டு ஓய்வுபெற்றவர். அங்கே அவருடன் வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர்தான் அவரை முதன்முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். நல்ல உயரம், நரைத்த தாடி, தமிழில் தெரிந்தது ஒரே சொல்: மச்சான். அத்தானை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எங்களிடையே கொண்டாட்டம் ஒன்றென்றால் அவரையும் கூப்பிடுவார்கள். அவர் வந்து எல்லோரையும் மச்சான் என்பார், அக்காவையும்.

அக்காவுக்கு இந்தத் துப்பாக்கி விஷயம் ஒருநாளும் பிடித்ததில்லை. "வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த சனம் நாங்கள்," என்பாள். "இந்த மனுசன் காதில பஞ்சு வைச்சுக்கொண்டு தேடிப்போய்க் கேக்குது." அத்தான் சிரிப்பார். கடதாசியைச் சுடுகிறேன், கடதாசி திருப்பிச் சுடாது என்பார். வருடம் முழுவதும் கடதாசி, நவம்பரில் ஒரு கிழமை காடு. அவ்வளவுதான் அவருடைய ஆட்டம்.

ஆனால் அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். நூறு மீற்றரில் கடதாசியைத் துளைக்கும் சன்னங்கள், அந்தக் குண்டுகள் எல்லாம், ஒரு தேத்தண்ணிக் கப்பின் வாய்க்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் அந்த வருடம் காடு இல்லை. அரசாங்கம் போட்ட சட்டமல்ல, அவரே தனக்குப் போட்டது. வேட்டைக்குப் போன முதல் வருடம் அவர் சுட்ட சன்னம் ஒரு மானின் வயிற்றில் பட்டுவிட்டது. அவரும் கியூபெக்காரரும் பனியில் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இருட்டும்வரை நடந்தார்கள். மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். மான் அப்போதும் சாகவில்லை. இதை அத்தான் எனக்கு ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறார், கார் ஓட்டிக்கொண்டு, முன்னால் பார்த்தபடி. அதன் பிறகு தேத்தண்ணிக் கப் வந்தது. அக்காவின் குசினியிலிருந்து எடுத்துப் போனது, விளிம்பில் உடைவு உள்ள ஒரு வெள்ளைக் கப். கடதாசியின்மேல் கவிழ்த்துப் பார்ப்பார். அடங்கியிருக்கும். ஒவ்வொரு வருடமும் அடங்கியிருந்தது.

இந்த வருடம் மே மாதத்தில் சன்னங்கள் கப்பை விட்டு வெளியே போயின. யூனில் சோற்றுக் கோப்பை அளவுக்குப் பரந்தன.

அத்தானின் கை நடுக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அக்காதான் முதலில் கண்டவள், சாப்பாட்டு மேசையில். பிட்டு விரல்களிலிருந்து உதிர்ந்தது. எவருக்கும்தான் பிட்டு கொஞ்சம் உதிரும். ஆனால் இது வாய்க்குப் போகும் வழியெல்லாம் உதிர்ந்தது. அக்கா பிட்டு அவிப்பதை நிறுத்தினாள். இடியப்பம் வந்தது, சொதியில் நன்றாக ஊறி, உருட்டினால் உருண்டு நிற்கும் பதத்தில். பாண் வந்தது. ஏன் இப்போது பிட்டு இல்லை என்று அத்தான் கேட்கவில்லை. கேட்காததுதான் எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. பிறகு நரம்பு வைத்தியர் ஒருவரிடம் அக்கா அவரை இழுத்துப்போனாள். வைத்தியர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், சில குளிசைகள் எழுதினார். அத்தான் குளிசையை வீட்டுக்குக் கொண்டுவந்தார், பெயரைக் கொண்டுவரவில்லை. குளிசையும் அலுமாரியில் முத்திரை உடையாமல் இருந்தது.

"பித்தளை," என்றார் அத்தான். "பித்தளைதான் பிழை."

அவர் சொன்னது பொய்யான காரணம் இல்லை, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. ரவை வெடித்தால் சன்னம் போய்விடும், கோது மிஞ்சும். அத்தான் போன்றவர்கள் அதை எறிவதில்லை. அழுத்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி எழுப்பும் சின்ன மூடியை மாற்றி, வெடிமருந்து போட்டு, வாயில் புதுச் சன்னத்தைச் செருகிவிடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுருங்குகிறது. விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, பித்தளை இறுகிப்போகும். இறுகிய கழுத்து சன்னத்தை ஒரே அளவாகப் பிடிக்காது. ஒன்றை இறுக்கிப் பிடிக்கும், ஒன்றைத் தளர்த்தி விடும். ஒரு நாள் வெடிக்கவும் செய்யும், மெல்லிய கீறலாக. அந்தக் கழுத்துக்கு மட்டும் சூடு காட்டி ஆறவிட்டால் பித்தளை பழையபடி இளகும் என்பது உண்மை. ஆனால் அதனால் சன்னம் போய் விழும் இடம் மாறுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் இல்லை. இணையத்தில் தேடித் தேடி நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு ஓடாது, பிரெஞ்சும் துறைமுகத்துக்குப் போதுமான அளவுதான், அதில் பாதி தூஷணம். சூடு காட்டாமல் சுடுகிறவன் ஆட்டத்தையே விளங்காதவன் என்று ஒரு கூட்டம். கோது கொஞ்சக் காலம் கூட உழைக்கும், குறியில் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் அளந்து படம் போட்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முட்டாள் என்றார்கள். நான் பஸ்ஸில் போகும்போதும் வாசித்தேன், ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றும் வாசித்தேன். எனக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. நடந்துகொண்டேதான் எதையும் யோசிப்பேன். அந்தக் கோடை முழுவதும் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில், ரயில் பாதை வேலியோரம் நடந்து நடந்து, எனக்குத் தெரியாத ஒரு உலோகத்தைப் பற்றி யோசித்தேன். ஏதாவது ஒரு கூட்டம் வென்றுவிடாதா என்று. சூடு காட்டுவதில் எல்லாம் இருக்கிறது என்று ஒரு மனிதன் ஐயமில்லாமல் நிறுவிவிடமாட்டானா என்று.

அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தம்பி, நீ அவரோட கதை. உன்ர சொல்லைக் கேப்பார்."

"என்னத்தைக் கதைக்க?"

"குளிசையைப் போடச் சொல்லு. பித்தளை பித்தளை எண்டு விசர்க் கதை கதைக்கிறார். கைக்கு வருத்தம் எண்டு சொல்லு."

"நீ சொல்லன்."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் சொன்னால் என்னைப் பாக்கிற பார்வை தாங்கேலாது," என்றாள். "நீயெண்டால் ஆம்பிளை. பேந்து கோவம் ஆறிடும்."

நான் ஓம் என்றேன். சனிக்கிழமை போனேன். போய், ட்ரில்லைக் கையில் எடுத்தேன்.

சோதனை அத்தானின் யோசனை. கோதுகளில் பாதிக்குச் சூடு காட்டுவது, பாதியை அப்படியே விடுவது. மற்றதெல்லாம் ஒன்று: ஒரே துப்பாக்கி, ஒரே வெடிமருந்து, ஒரே சன்னம், ஒரே நாள். சூடு காட்டியவை கப்புக்குள் விழுந்து மற்றவை சிதறினால் குற்றவாளி பித்தளை. எல்லாமே சிதறினால்? அதை அவர் சொல்லவில்லை.

"கியூபெக்கானையும் ரெண்டு ரவை சுடச் சொல்லுவம்," என்றார். "அப்பத்தான் ஞாயமான சோதனை."

நான் ட்ரில்லைக் கீழே வைத்தேன். அந்த மனிதர் சுட்டால் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். அதே துப்பாக்கியில், அதே ரவைகளை அவர் எடுத்துக் கப்புக்குள் போட்டுவிட்டால், பித்தளை விடுதலை. பிறகு மிச்சமிருப்பது கை ஒன்றுதான்.

சூடு காட்டிய கோதுக்கு ஓர் அடையாளம் வரும். கழுத்துக்குக் கீழே, தோள் வளைகிற இடத்தில், நீலமும் ஊதாவுமாக ஒரு வளையம். மழைக்குப் பிறகு தெருவில் எண்ணெய் படர்ந்தால் தெரிகிற நிறம். சூடு காட்டாதது வெறும் மஞ்சள். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும் என்றார் அத்தான். பழைய ஐஸ்கிறீம் வாளி ஒன்றுக்குள் எல்லாவற்றையும் கலந்து போட்டு வைத்தார். நீல வளையங்களும் மஞ்சள் கழுத்துகளும் ஒன்றாகக் கிடந்தன. அடிக்கடி கைவிட்டு அளைந்து பார்ப்பார். அந்தச் சத்தம், பித்தளை பித்தளையில் உரசுகிற அந்தக் குளிர்ந்த சத்தம் கேட்டால், நடுக்கம் எது, அளைவது எது என்று பிரித்துச் சொல்லமுடியாது. அதனால்தானோ அவருக்கு அது பிடித்திருந்தது.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் அக்கா வீட்டிலிருந்த பித்தளை எல்லாவற்றையும் இறக்கினாள்: குத்துவிளக்கு, தூபக்கால், செம்பு, பஞ்சபாத்திரம். பெரிய பேசின் ஒன்றில் பழப்புளியைக் கரைத்து ஊறப்போட்டு, தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்து மினுக்குவது அவள் வழக்கம். புதுப் புது மினுக்குத் திரவங்கள் கடையில் இருக்கின்றன. பெறாமகள் வாங்கிக் கொடுத்தும் இருக்கிறாள். அக்கா தொடமாட்டாள். புளி தொடாத பித்தளை சாமிக்கு ஆகாது.

பின்னேரம் நான் போனபோது குசினித் தரையில் பழைய துவாய் விரித்து, அதன்மேல் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. விளக்கு, தூபக்கால், செம்பு. அவற்றுக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாக, வாய் கீழே இருக்க, அத்தானின் கோதுகள் அத்தனையும்.

எல்லாம் ஒரே நிறம். கழுவித் துடைத்த, இலேசான ரோஸ் கலந்த பொன்நிறம். ஒன்றிலும் நீல வளையம் இல்லை.

அத்தான் வாசலில் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள், முழங்கை வரைக்கும் புளித் தண்ணீர்.

"என்ன செய்தனீர்?" என்று கேட்டார் அத்தான். சத்தம் உயரவில்லை.

"பித்தளை பழுதெண்டு எந்த நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறியள். நீலம் நீலமாப் பிடிச்சிருந்தது. அதுதான் மினுக்கினன்."

"அந்த நீலம்தானப்பா அடையாளம்."

"என்னத்துக்கு அடையாளம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: எவற்றுக்குச் சூடு காட்டினோம், எவற்றுக்குக் காட்டவில்லை என்று இனித் தெரியாது, அக்கா. அவள் கையைச் சீலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள். "வெடிச் சாமானை என்ர கையால தொட்டதே இல்லை. பித்தளை சரி வந்தால் இந்த மனுசனுக்கு எல்லாம் சரி வந்திடும் எண்டு நினைச்சன். வேற எனக்கு என்ன செய்யத் தெரியும்?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் துப்பாக்கி இருந்த அலுமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பாராதவள் அவள். பேஸ்மென்டுக்கு இறங்கி, அந்த வாளியைத் தூக்கி வந்து, சாமியின் செம்போடு ஒரே பேசினில் போட்டிருக்கிறாள்.

அத்தான் குனிந்து ஒன்றை எடுத்தார். கையில் அது ஆடியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளேயும் பார்த்தார், துளி ஈரமும் இல்லை.

"நல்லாத்தான் மினுக்கியிருக்கிறீர்," என்றார்.

மறுபடி எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து செய்யலாம் என்றேன். நேரமில்லை, நவம்பர் கிட்டடியில் நிற்கிறது என்றார். அது உண்மையல்ல, ஒரு சனிக்கிழமை போதும். அவருக்கு இனித் தெரியவேண்டாம் என்று எனக்கு விளங்கியது. அல்லது தெரிந்துவிட்டது. இரண்டில் எது என்று அவர் முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த கிழமை நானே வெடிமருந்தைத் தராசில் நிறுத்தேன், நானே நிரப்பினேன், சன்னங்களை நானே செருகினேன். அவர் பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்திருந்தார், குளிரும் பிள்ளைகள் வைப்பதுபோல.

சுடுமிடம் மொன்றியல் தீவுக்கு வெளியே, மேற்கே. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலத்தைக் கடந்து போகவேண்டும். ஒக்ரோபர் மேப்பிள்கள் அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தன. ஆற்றில் அவற்றின் நிறம் விழுந்து நடுங்கியது. நடுங்குகிற எதையும் அன்று என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. கார் யன்னல் அதிர்ந்தது, கப் வைக்கும் குழிக்குள் அக்காவின் வெள்ளைக் கப் கிடுகிடுத்தது. அத்தான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கியூபெக்காரர் எங்களுக்கு முன்பே வந்து மேசை பிடித்திருந்தார். "மச்சான்," என்று அத்தானைக் கட்டிக்கொண்டார். ரவைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சீழ்க்கை அடித்தார். இவ்வளவு பளபளப்பான கோதை ஆயுளில் கண்டதில்லை, இதைச் சுடுவதா காதில் போடுவதா என்று பிரெஞ்சில் கேட்டார். அக்காவின் வேலை என்றார் அத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அத்தான் சுடும் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். துப்பாக்கியின் முன்பகுதி மணல்பையில் கிடந்தது. தோளில் வைத்தார், கன்னத்தைச் சாய்த்தார். நான் காது மூடியைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு முதலில் குனிகிறது, பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது ஞாபகம் வருகிறது. முதல் இரண்டு வெடியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில். என் நெஞ்சு எழுந்தது. மூன்றாவது வெளியே. பிறகு ஒவ்வொன்றும் தன் பாட்டில் போனது. அத்தான் தொலைநோக்கிக்குக் குனிந்தார், நிமிர்ந்தார். மறுபடி சுட்டார். கடதாசியில் ஒரு சோற்றுக் கோப்பை விரிந்தது.

கியூபெக்காரர் அத்தானின் தோளைத் தொட்டார். "தா மச்சான், நான் ஒருக்காப் பாக்கிறன்," என்று பிரெஞ்சில் சொன்னார்.

அத்தான் எழுந்து இடம் விட்டார். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். நான் தொலைநோக்கியில் இல்லை; நான் அந்த மனிதரின் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றேன். அவர் பாறை மாதிரி இருந்தார். மூச்சு விட்டார், நிறுத்தினார். விசையை அழுத்துகிற அந்த நொடிக்குச் சற்று முன், துப்பாக்கியின் பின்புறம் அவர் தோளில் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தது. அடுத்த வெடிக்கும் நகர்ந்தது, வேறு பக்கம். அடுத்ததற்கும்.

சுட்டு முடித்துக் காது மூடியைக் கழற்றினார். "பித்தளைதான்," என்றார், தாடியைச் சொறிந்தபடி. "மச்சான், இந்தப் பித்தளை சரியில்லை. எனக்கும் எல்லா இடமும் போகுது."

அத்தான் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்க நெடுநேரம் ஆனது. "ஓம்," என்றார் தமிழில். பிறகு பிரெஞ்சில், "வீ, வீ," என்றார். கப்பை அவர் கடதாசியின்மேல் கவிழ்த்துப் பார்க்கவேயில்லை. மூன்று பேரும் கோப்பி குடித்தோம். கியூபெக்காரர் தன் பேத்தி கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், ஒரு பெடியனைக் கடித்துவிட்ட கதையைச் சொன்னார். கை நிறையக் கோதுகளைப் பொறுக்கி அத்தானின் சட்டைப் பையில் போட்டுவிட்டார். போகும்போது என் கண்களைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில், பாலத்துக்குக் கிட்ட, அத்தான் வாயைத் திறந்தார். நான்தான் ஓட்டினேன்.

"அவன் இண்டைக்குப் பொய்யாச் சுட்டவன்," என்றார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் பிழை விட்டானெண்டால் எப்பவும் இடப்பக்கம், கீழதான் போகும். வருசக் கணக்காப் பாக்கிறன். இண்டைக்கு நாலு பக்கமும் போட்டிருக்கிறான், கோலத்துக்குப் புள்ளி வைக்கிறமாதிரி." கொஞ்சம் சிரித்தார். "பொய் சொல்லவும் தெரியாது மடையனுக்கு."

"அத்தான்..."

"நீ பக்கத்திலதானே நிண்டனி. கண்டனியோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"என்னண்டு சொல்லுறது அத்தான்."

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். "அதுவும் சரிதான்," என்றார். ஆறு பின்னால் போனது. "சூடு காட்டினதால வித்தியாசம் இருக்கோ இல்லையோ, உனக்கு என்ன விளங்குது? நீ இவ்வளவு வாசிச்சனியெல்லோ."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றார்.

அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை. "என்னப்பா, என்ன மாதிரி? பித்தளை சரியோ?"

நான் பின்னால் நின்றேன். எனக்குத் தெரியும், இந்த இடத்தில் அவர் விரும்பிய எதையும் சொல்லலாம். புளி கெடுத்துவிட்டது என்று சொல்லலாம். அடையாளம் போய்விட்டது, சோதனை பிழைத்துவிட்டது, வருகிற வருடம் பார்ப்போம் என்று சொல்லலாம். கியூபெக்காரனுக்கும் சிதறியது என்று சாட்சி காட்டலாம். எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தது. நான் உள்ளுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன், எந்தக் கதவுக்காக என்று எனக்கே தெரியாமல்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு கோதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைக்கும்போது அது இரண்டு தரம் அவள் விரலில் தட்டியது.

"பித்தளை திறம்," என்றார். "ஒரு பிழையும் இல்லை."

அக்கா அதைப் பார்த்தாள். வெடித்துக் கறுத்திருந்த கழுத்தைப் பெருவிரலால் துடைத்தாள். அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, நேராக்கிக்கொண்டாள். அத்தானின் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. கோதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கியூபெக்கானுக்குச் சொல்லவேணும், இந்த முறை காட்டுக்கு என்னைப் பாத்திருக்கவேண்டாமெண்டு," என்றார் அத்தான், சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபடி. முடிச்சு அவிழவில்லை. நான் குனியப் போனேன். "விடு," என்றார். விட்டேன். அது அவிழும்வரை நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நிமிர்ந்ததும் கேட்டார்: "இரவைக்கு என்ன?"

"இடியப்பம் இருக்கு."

"ஏன், மா இல்லையோ? பிட்டு அவியுமன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது, குழல் மூடுகிற சத்தம், ஆவி. குளிசைப் பெட்டியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அது அலுமாரியில்தான் இருந்தது. கீழே பேஸ்மென்ட் யன்னலில் போர்வையும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் மேசையில் இருந்தார். அக்கா குழலைக் கவிழ்த்தாள், பிட்டு முழுசாக, வெள்ளையாக, ஆவி பறக்க விழுந்தது. அவர் விரலால் உடைத்தார், கத்தரிக்காய்க் குழம்பில் தோய்த்தார், எடுத்தார். வழியெல்லாம் உதிர்ந்தது. உடுத்திருந்த சாரத்தில், மேசையில், தண்ணீர்க் கிளாசுக்குள். தலையைக் குனிந்து வாயைக் கிட்டக் கொண்டுவரவில்லை, கையை மறைக்கவில்லை, இடக்கையை உதவிக்கு எடுக்கவில்லை. மெதுவாக, எங்களுக்கு முன்னால் வைத்துச் சாப்பிட்டார்.

அக்கா மேசைத் துணியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"விழுறது விழட்டும்," என்றார். "இன்னொரு குழல் வையும்."